தேய்ந்த டயரும் தேயாத உரிமையும்

டில்லியில் கரோல்பாகை ஒட்டிய நாயீவாலா சந்துகளுக்குள் நுழைகிறவரை முதலில் எதிர்கொள்வது புது ரப்பரின் வாசனைதான். இரு மருங்கும் கடைவாசல்களில் ஆளுயரத்துக்கு அடுக்கிய மோட்டார் சைக்கிள் டயர்கள், கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட ட்யூப்கள், நடைபாதையிலேயே சக்கரத்தைக் கழற்றிப் போட்டு இரும்பு லீவரால் டயரை நெம்பிக்கொண்டிருக்கும் தொழிலாளிகள் என்று அந்தப் பிரதேசம் காலையிலிருந்து இரவு வரை ஒரே சந்தடியாக இருக்கும். இருசக்கர வண்டிக்கு வேண்டிய எந்தப் பொருளையும் அங்கே பேரம் பேசி வாங்கிவிடலாம். ஆனால் வாங்கிய டயர் உரிய காலத்துக்கு முன்பே கெட்டுப் போய், அதைத் தூக்கிக்கொண்டு டில்லியில் எந்தக் கடைவாசலில் போய் நின்றாலும், பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "கிஸ் கயா, பாயி சாஹப். க்ளெய்ம் நஹீ பனேகா." டயர் தேய்ந்துவிட்டது ஐயா, க்ளெய்ம் ஆகாது என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுகிறார்.

இந்தப் பதிலில் பாதி நியாயம் இருக்கிறது. தேய்வது டயரின் சுபாவம். சாலையைப் பற்றிக்கொண்டு ஓடுவதற்காகவே செய்யப்பட்ட ரப்பர், அந்தப் பிடிமானத்தைக் கொடுக்கக் கொடுக்கத் தன்னையும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டுதான் ஆகவேண்டும். ஆகையால், இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினேன், பட்டன் போய்விட்டது, புதிது கொடுங்கள் என்று கேட்பதற்கு வழியில்லை. டயரோடு வருகிற சாதாரண வாரண்டி அதற்காக ஏற்பட்டதும் இல்லை. உற்பத்தியிலே நேர்ந்த குற்றத்துக்கு மட்டுமே அந்த உத்தரவாதம். ஆனால் குற்றமுள்ள டயரும் ஓடத்தான் செய்கிறது, ஓடுகிறபோது தேயத்தான் செய்கிறது என்ற சாதாரண உண்மையை மறந்துவிட்டு, தேய்ந்திருக்கிறது என்ற ஒரே காரணத்தைக் காட்டிக் குற்றம் உண்டா இல்லையா என்று பரிசோதிக்கவே மறுப்பது அநியாயம். வாரண்டிக் கணக்கிலே தேய்மானம் வருகிற இடம் வேறு. வாடிக்கையாளருக்கு எவ்வளவு கிடைக்கவேண்டும் என்பதை நிர்ணயிக்கிற அளவுகோல் அது. அவருக்கு ஒன்றும் கிடையாது என்று கதவைச் சாத்துவதற்கான காரணமாக அதை நிறுவனங்களின் விதிகளே சொல்வதில்லை.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்பது அவசியம். டயரின் பக்கச் சுவரிலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே, டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களோ ஒரு சிறு முக்கோணமோ அச்சாகியிருக்கும். அந்த இடத்துக்கு நேரே பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தை உற்றுப் பார்த்தால், அடியிலே சின்னஞ்சிறு மேடு ஒன்று குறுக்கே ஓடுவது தெரியும். டயர் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டின் உயரத்துக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். இருசக்கர வண்டிக்கு அந்த எல்லை 0.8 மில்லிமீட்டர்; கார் முதலிய வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டர். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி இதைச் சட்டமாகவே சொல்கிறது. மழைநாளில் மின்டோ பாலத்தடியில் தேங்கும் நீரைப் பற்றிக் கேள்விப்படாத டில்லிவாசி இல்லை. தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ளுகிற பள்ளங்கள் இல்லாத மொட்டை டயரோடு ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கிறவர், டயரில் மிச்சம் பிடிக்கிற சில நூறு ரூபாய்க்காகத் தம் உயிரையும் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் உயிரையும் பணயம் வைக்கிறார். மேடு வரை தேய்ந்த டயருக்கு வாரண்டி கிடையாது என்ற விதியில் ஆட்சேபிக்க ஒன்றும் இல்லை.

அதற்கு முன்பே குற்றம் வெளிப்பட்டால்தான் கணக்கு பிறக்கிறது. புதிதாக இருந்தபோது பள்ளத்தின் ஆழம் 6.8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்கான 0.8-ஐக் கழித்தால், வாடிக்கையாளர் பணம் கொடுத்து வாங்கிய உபயோகமான ரப்பர் 6 மில்லிமீட்டர். டயர் வீங்கிக் கெட்ட தினத்தில் அளந்து பார்க்கையில் 4.8 இருந்தால், எஞ்சியது 4. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. புதிய டயரின் விலை 2,400 ரூபாயானால், தேய்த்து அநுபவித்த மூன்றில் ஒரு பங்குக்கு 800 ரூபாயை வாடிக்கையாளர் கொடுக்கவேண்டும். மீதி 1,600 ரூபாயை நிறுவனம் ஏற்கவேண்டும். கணக்கிடும் முறையில் நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு வேறுபாடுகள் உண்டு. இலவசமாக முழு டயரையும் மாற்றித் தருகிற விசேஷத் திட்டங்களும் சில சமயம் அறிவிக்கப்படுகின்றன. ஆனால் பொதுவான தத்துவம் இதுதான். ஆழத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றும் பெரிய விலையல்ல. கெட்ட டயரைக் கடைக்கு எடுத்துப் போகுமுன் மூன்று நான்கு இடங்களில் அளந்து குறித்துக்கொண்டு, அளவுகோல் தெரியும்படி கைப்பேசியில் படமும் எடுத்து வைத்திருப்பவரிடம், தேய்ந்துவிட்டது என்று மொட்டையாகச் சொல்லி அனுப்புவது அவ்வளவு சுலபமல்ல.

டயரின் வயதும் வாரண்டியைப் பாதிக்கிறது. பக்கச் சுவரில் நீள்வட்டமான சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3223 என்று இருந்தால், 2023-ஆம் வருஷத்தின் 32-ஆவது வாரத்தில் அந்த டயர் தயாரானது. வாரண்டி பெரும்பாலும் இந்தத் தேதியிலிருந்து 5 வருஷமோ, மேடு தெரிகிற வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, கடையின் பரணில் ஒன்றரை வருஷம் கிடந்த டயரைச் சற்று மலிவாகக் கொடுக்கிறார்களே என்று வாங்குகிறவர், தம் உத்தரவாதத்திலிருந்தும் ஒன்றரை வருஷத்தை அந்தப் பரணிலேயே விட்டுவிட்டு வருகிறார். இதைவிடப் பெரிய நஷ்டம் பில் இல்லாமல் வாங்குவது. துண்டுக் காகிதத்தில் தொகையை மட்டும் கிறுக்கித் தருகிற கச்சா பில்லா, ஜி.எஸ்.டி. எண்ணும் டயரின் அளவும் வரிசை எண்ணும் குறித்த பக்கா பில்லா என்று டில்லிக் கடைகளில் கேட்பது சகஜம். முன்னதற்குச் சில நூறு ரூபாய் குறையும். குறைகிற அந்தப் பணத்தோடு வாங்கியவர் என்ற அத்தாட்சியும் போய்விடுகிறது. பில் கொடுக்காமல் விற்பதை முறையற்ற வாணிபம் என்றே 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகைப்படுத்தியிருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்து வாங்கவேண்டும். டயர்களுக்கு அது கட்டாயமென்று 2009-ஆம் வருஷத்து ஆணை ஒன்று விதித்திருக்கிறது. அந்த முத்திரையை வழங்குகிற நிறுவனத்தின் தலைமை அலுவலகமான மானக் பவன், டில்லி பஹதூர் ஷா ஜஃபர் மார்க்கிலேயே இருக்கிறது.

புது வண்டியோடு வந்த டயர் கெட்டுப் போனால் சிக்கல் இன்னொரு விதம். வண்டியின் வாரண்டிப் புத்தகத்தைப் பொறுமையாகப் படித்தால், டயர், ட்யூப், பாட்டரி ஆகியவற்றுக்கு அவற்றைச் செய்த நிறுவனங்களே பொறுப்பு என்ற வாக்கியம் எங்கேயாவது ஓர் ஓரத்தில் இருக்கும். வண்டி ஷோரூமிலே டயர் நிறுவனத்திடம் போகச் சொல்வார்கள். டயர் டீலரிடம் போனால், ஷோரூம் மூலமாக வரச் சொல்வார்கள். டில்லியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இவ்விதம் அலைந்து அலுத்துப்போய், போகிறது என்று சொந்தப் பணத்தில் வேறு டயரை வாங்கி மாட்டிக்கொள்கிறவர்களே அதிகம். அவர்கள் அலைந்திருக்க வேண்டியதே இல்லை. விற்றவர், வண்டியைச் செய்தவர், டயரைச் செய்தவர் ஆகிய மூவரையும் ஒரே கடிதத்தில் விளித்துப் புகார் எழுதி, தங்களுக்குள் யார் பொறுப்பு என்று அவர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விடலாம். பின்னால் வழக்கு என்று வந்தாலும் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது.

இனி, டயரைப் பரிசோதிக்கிறவர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்வது நல்லது. டீலர் க்ளெய்ம் படிவத்தை நிரப்பி டயரை அனுப்பிய பிறகு, நிறுவனத்தின் டெக்னிக்கல் ஆள் வந்து அதை முதலில் வெளியே பார்ப்பார். பிறகு உட்புறத்தை விரித்துப் பார்ப்பார். நிர்ணயமான சாட்சியம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். காற்றுக் குறைவாக ஓடின டயரின் பக்கச் சுவர், ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி விரிந்து சூடேறுவதால், உட்புறத்தில் சக்கர வட்டமாகக் கருத்த வளையம் ஒன்று விழுந்திருக்கும். ரப்பர் அரைபட்டு உதிர்ந்த தூளும் கையில் ஒட்டும். அது இருந்தால் குற்றம் உபயோகித்தவருடையது என்று எழுதிவிடுவார். பக்கச் சுவரிலே புடைப்பு இருந்து, உட்புறத்தில் அதே இடத்தில் நூலிழைகள் அறுந்து விரிசலும் கண்டால், குழியிலோ கல்லிலோ வேகமாக ஏற்றி இறக்கிய அடி அது. அதற்கும் சாதாரண வாரண்டி கிடையாது. விரிசலும் அடிபட்ட அடையாளமும் ஒன்றும் இல்லாமல், அடுக்குகள் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து நடுவே காற்றுப் புகுந்து புடைத்திருந்தால், தொழிற்சாலையில் ஒட்டவேண்டியது ஒட்டவில்லை என்பதே அர்த்தம். பட்டன் பகுதி அடியிலுள்ள துணியடுக்கிலிருந்து தகடாகக் கழன்று வருவதும், ரிம்மோடு பொருந்துகிற விளிம்புக் கம்பி கோணியிருப்பதும் இந்த வகையே. ஆகவே டயரைக் கழற்றுகிறபோதே உடனிருந்து, உட்புறத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். பரிசோதனைக்கு ஒப்படைக்கும்போது வரிசை எண் குறித்த ரசீது இல்லாமல் டயரைக் கைவிடவே கூடாது. பழைய டயர் இங்கேயே கிடக்கட்டும் என்று கடையில் விட்டுவிட்டு வந்தால், மறுநாளே அது பழைய ரப்பர் எடுக்கிறவரின் வண்டியில் ஏறிவிடும். அதோடு நம் சாட்சியமும் போய்விடும்.

சீக்கிரமாகவும் கோணலாகவும் தேய்ந்த டயர் தனி விஷயம். தினமும் ரிங் ரோடிலே நேராக ஓடுகிற வண்டியில் நடுப்பட்டை மட்டும் தேய்வது இயற்கை. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, உள்ளங்கையால் தடவுகையில் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம்போலவும் தட்டினாலோ, மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தாலோ, டயரை மட்டும் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. பின்சக்கரம் செயினுக்கு நேராக நிற்கிறதா, சக்கர பேரிங் ஆடுகிறதா, ஸ்விங் ஆர்ம் புஷ் தளர்ந்திருக்கிறதா, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து பலம் போய்விட்டதா என்று பார்க்கவேண்டும். இங்கேதான் வாடிக்கையாளருக்கு அநுகூலமான ஒரு வாசல் இருக்கிறது. டயருக்குப் பொறுப்பில்லை என்று கைவிரித்த வண்டி நிறுவனம், ஷாக் அப்சார்பருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் பெரும்பாலும் பொறுப்பு ஏற்றிருக்கிறது. வாரண்டி காலத்திலேயே அவற்றில் பழுது கண்டு, அதனால் டயர் தேய்ந்ததென்று சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டிலேயே எழுதி வாங்கிவிட்டால், டயரின் நஷ்டத்தையும் அந்தப் பழுதின் விளைவாகக் கேட்க முடியும். ஆகையால், டயர் தேய்கிற விதத்தில் சந்தேகம் தோன்றியதுமே அடுத்த சர்வீஸில் வாயால் சொல்லிவிட்டு வராமல், ஜாப் கார்டில் எழுதச் சொல்லவேண்டும்.

உபயோகிக்கிறவரின் கடமை ஒன்றையும் இங்கே மறைக்காமல் சொல்லியாகவேண்டும். டில்லியின் சீதோஷ்ணம் டயருக்குப் பெரும் சோதனை. ஜூன் மாதத்து மத்தியானத்தில் 44 டிகிரி வெயிலில் 28 பவுண்டு காற்று அடைத்த டயரை அப்படியே விட்டுவிட்டால், ஓர் ஊசித் துளைகூட இல்லாமலே, ஜனவரி மாதத்துக் காலையில் 4 டிகிரிக் குளிரில் அது 23 பவுண்டுக்கு இறங்கிவிடும்; உஷ்ணம் குறையக் காற்றின் அழுத்தமும் குறைவது பௌதிக விதி. அந்த நிலையில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு பனிமூட்டத்தில் ஓட்டுகிறவரின் டயரில், மேலே சொன்ன கருத்த வளையம் விழுந்தே தீரும். வெயில் காலத்தில் டயர் வெடித்துவிடும், காற்றைக் குறைத்து வையுங்கள் என்று பஞ்சர் கடைகளில் சொல்லுகிற யோசனையும் தவறானது; குறைந்த காற்றுதான் சூட்டை அதிகப்படுத்துகிறது. வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்பு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது சரிபார்ப்பது போதும். பாரத்துக்கும் வரம்பு உண்டு. டயரின் மேல் 90/90-17 49P என்று இருந்தால், அந்த 49 என்ற எண் 185 கிலோ வரை அந்த டயர் தாங்கும் என்பதையும், P என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வரை அதன் வேக வரம்பு என்பதையும் குறிக்கின்றன. பால் கேன்களையும் காஸ் சிலிண்டர்களையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கட்டும்.

நிறுவனம் குற்றமில்லை என்று எழுதி அனுப்பிவிட்டால் அதுவே இறுதித் தீர்ப்பு என்று அநேகர் நினைத்துவிடுகிறார்கள். தன் சரக்கைத் தானே பரிசோதித்துத் தானே தீர்ப்புச் சொல்வது எந்தத் தர்மத்திலும் முடிவான பிரமாணமாகாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டுத் தமிழிலேயே புகாரைச் சொல்லலாம். ஹிந்தி சரளமாக வராமல் டில்லிக்கு வந்து சேர்ந்த நம்மவர்களுக்கு இது பெரிய சகாயம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. டில்லிக்கு மட்டும் அவ்வித ஆணையங்கள் பத்து. கஷ்மீரி கேட், தீஸ் ஹஜாரி, ஜனக்புரி என்று நகரின் பல பகுதிகளில் அவை இயங்குகின்றன. எதிர்த்தரப்பின் அலுவலகம் மும்பையில் இருந்தாலும், புகார் செய்கிறவர் வசிக்கிற அல்லது வேலை செய்கிற இடத்திலேயே மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. வீட்டிலிருந்தே கணினி வழியாகவும் தாக்கல் செய்யலாம். எல்லாவற்றிலும் முக்கியமான ஏற்பாடு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவில் இருக்கிறது. பொருளின் குற்றம் பரிசோதனை இல்லாமல் தெரியவராது என்றால், ஆணையமே அந்தப் பொருளைப் பெற்று முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வுச்சாலைக்கு அனுப்பலாம். அதற்கான செலவை முதலில் மனுதாரர் கட்டவேண்டியிருக்கும். இரண்டாயிரம் ரூபாய் டயருக்காக இத்தனை சிரமப்பட வேண்டுமா என்று கேட்பார்கள். மனுவுக்கு முன்பு, இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பினாலே அநேக விவகாரங்கள் கடையிலேயே தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை நான் மிகவும் பெரிதாகக் கருதுகிறேன். 2000-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. ஓடுகிறபோதே பட்டன் பகுதி கழன்று வண்டிகள் உருண்டு அநேகர் மாண்டார்கள். அபாயம் வெளிச்சத்துக்கு வருவதற்கு முன்பே, வாடிக்கையாளர்கள் கொண்டுவந்த க்ளெய்ம்களிலே அதன் அறிகுறிகள் குவிந்து கிடந்தன. அதன் பயனாக அதே வருஷம் நவம்பரில் அங்கே இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வாரண்டி க்ளெய்ம்களின் விவரங்களை நிறுவனங்கள் அரசாங்கத்துக்கு முறையாகத் தெரிவித்தாக வேண்டும். நம் தேசத்திலும் 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தினால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு சேர்ந்து, குற்றமுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிடுகிற அதிகாரம் அரசாங்கத்துக்கு வந்திருக்கிறது. அந்த அதிகாரத்தைத் தூண்டுகிற விசைகளில் ஒன்று உரிமையாளர்கள் செய்கிற புகார்களின் எண்ணிக்கை. படிவத்தில் ஏறாமல் கடைவாசலோடு திரும்பிப் போன குற்றம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி 1961-இல் டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப்.பும், மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் ஆலை வைத்திருக்கிற டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவும் நம்மவர்கள் அறிந்த பெயர்கள். நல்ல டயரைச் செய்கிற தொழிற்சாலைக்கும், எந்த வாரத்துச் சரக்கில் எந்தக் குற்றம் நேர்ந்தது என்ற செய்தி போய்ச் சேர்ந்தால்தான் அதைத் திருத்திக்கொள்ள முடியும். அந்தச் செய்தியைத் தருகிற ஒரே நபர் வாடிக்கையாளர்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். க்ளெய்ம் ஆகாது என்று கடைக்காரர் சொன்னால், அதையே ஒரு காகிதத்தில் காரணத்தோடு எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி அமைதியாகக் கேளுங்கள். தர மறுத்தால், நடந்ததை அன்றைக்கே நிறுவனத்தின் முகவரிக்கு மின்னஞ்சலாக எழுதிவிடுங்கள். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் மனுத் தாக்கலாகவேண்டும் என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு.